நடுவே எதுவும் இல்லாத நிலம்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் வண்ணப்பெட்டியைத் திறந்து உட்காரும் ஓவியருக்கு முதலில் தடுமாற்றம் தருவது எதை வரைவது என்கிற கேள்விதான். வெயிலுக்கும் ஈக்களுக்கும் ஒரே நாளில் பழகிவிடலாம். இந்தக் கேள்விக்குப் பழக நாளாகும். குட்டைப் புதர், செம்மண், மறுபடி புதர், ஒரு மரம், கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு மரம். இடப்பக்கம் திரும்பினாலும் அதுதான், வலப்பக்கம் திரும்பினாலும் அதுதான். "என்னைப் பார்" என்று எதுவும் முன்னால் வந்து நிற்காது.

நான் படம் வரையப் பழகியது கும்பகோணத்தில். மகாமகக் குளத்தின் படிக்கட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சுற்றியிருக்கும் பதினாறு மண்டபங்களில் ஏதோ ஒன்று படத்தின் நடுவே வந்து நின்றுகொள்ளும். தெருவில் உட்கார்ந்தால் கோபுரம். வயலுக்குப் போனாலும் ஒரு பனைமரம், ஒரு மோட்டார் கொட்டகை. வரைகிறவர் தேட வேண்டியதே இல்லை, ஊரே தேடிக் கொடுத்துவிடும். அப்படிப் பழகிய கை மெல்பர்னுக்குக் குடிவந்து, விடுமுறைகளில் காரில் நாலு பக்கமும் போய் வரையத் தொடங்கியபோது, எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் உயிரோடு இல்லாத ஓர் ஓவியர். பெயர் ஃப்ரெட் வில்லியம்ஸ். இந்தக் கட்டுரையின் பாதி அவரைப் பற்றியது.

வில்லியம்ஸ் 1927இல் மெல்பர்னின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்தவர். இளம் வயதில் லண்டன் போனார். அங்கே ஒரு படச்சட்டக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். இசை அரங்குகளில் ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் செதுக்கோவியங்களாகப் பதித்தார். சொந்த ஊருக்குத் திரும்பியது 1957 வாக்கில். திரும்பியதும் யூகலிப்டஸ் மரங்களை வரையப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னார். அவர்களில் ஒருவர் ஜான் பிராக், தானே பெரிய ஓவியர். எல்லோரும் வரைந்து தீர்த்த சமாச்சாரம், அதைப் போய் வரைய முடியாது என்று தடுத்தார் என்பது இங்கே ஓவிய வட்டாரத்தில் பலரும் சொல்லும் கதை. வில்லியம்ஸ் கேட்கவில்லை.

நமக்கு அந்த மரம் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோய் நட்டு, தைல மரம் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். ஊட்டிச் சாலையில் வரிசை கட்டி நேராக நிற்கும் தைல மரத் தோப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் சொந்த ஊர்ச் சுபாவம் தெரியாது. இங்கே அது வரிசையில் நிற்பதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தூரத்தில் சிதறி நிற்கும். தழை மேலே மேலே போய்விடுவதால் நிழலும் அடர்த்தியாக விழாது. பச்சை என்றும் சொல்ல முடியாத, சாம்பல் என்றும் சொல்ல முடியாத நிறம்.

மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும் வழியில் சமவெளியில் யூ யாங்ஸ் என்ற கருங்கல் குன்றுகள் இருக்கின்றன. வாதவுரங் மக்களின் நிலம். 1960களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் அங்கே திரும்பத் திரும்பப் போனார். குன்றின் மேலிருந்து கீழே சமவெளியைப் பார்த்தால் தொடுவானம் படத்தின் உச்சிக்குப் போய்விடுகிறது, சில படங்களில் படத்தை விட்டே வெளியே போய்விடுகிறது. மிச்சமிருப்பது செங்குத்தாக நிமிர்த்தி வைத்ததுபோல் தரை. அதில் மரங்கள் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் கிடக்கின்றன. அந்த நிலப்பரப்புக்குக் கண் நிலைக்கும் மையம் என்று ஒன்று கிடையாது என்பதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையே பற்றிக்கொண்டார். மையம் இல்லாததையே படமாக்கினார்.

மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் விக்டோரியா தேசிய ஓவியக் கூடத்தின் ஆஸ்திரேலியப் பிரிவு இருக்கிறது. நேரம் கிடைத்தால் அவருடைய எண்ணெய் ஓவியம் ஒன்றின் முன்னால் மூக்கு தொடும் அளவுக்குப் போய் நின்று பாருங்கள், காவலர் அனுமதிக்கும் தூரம் வரை. மங்கிய மஞ்சளும் சாம்பலும் கலந்த மெல்லிய பூச்சின்மேல், தூரிகையால் ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. கறுப்பு, அதன் ஓரத்தில் கொஞ்சம் செங்காவி, அதன் காலடியில் ஒரு துளி நீலம். அவ்வளவுதான் ஒரு மரம். பக்கத்து மரம் அதே மாதிரி இருக்காது. ஒன்றில் வண்ணம் மேடாக நிற்கும், ஒன்றில் துணியால் துடைத்ததுபோல் இருக்கும். பத்தடி பின்னால் வந்ததும் அத்தனையும் தரையில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் வெளுத்த ஒரு சமவெளியாகிவிடும். இங்கிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்போல் இருக்கும். புள்ளிகளை எப்படி இறைத்தார் என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் விடை கிடைக்காது. எதேச்சையாக இறைத்ததுபோலத் தோன்றும். ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தால் மொத்தப் படமும் சாய்ந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாணி அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அவர் வெளியிடங்களில் பெரும்பாலும் குவாஷ் வண்ணத்தில் வரைந்தார், அப்புறம் வீட்டுக்கு வந்து அவற்றை வைத்து எண்ணெய் ஓவியமாக்கினார். 1963இல் மனைவி லின்னுடன் டான்டெனாங் மலைத்தொடரின் அப்வே என்ற ஊரில் குடியேறியதும் படங்களில் மரங்கள் நெருங்கி, மலைச்சரிவு வந்துவிட்டது. 1968இல் காட்டுத்தீ அவர் வீட்டை நெருங்கிவிட்டுப் போனது. அதற்கப்புறம் கரிந்த நிலமும், கரியிலிருந்து எழும் பெரணிகளும் வந்தன. எந்த நிலத்தில் நிற்கிறாரோ அந்த நிலம் அவர் கையை மாற்றியது. பயணம் போய் வரைவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். நாம் கொண்டுபோகும் பாணி அங்கே செல்லுபடியாகாது. நிலம் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும்.

குவாஷ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவும் நீரில் கரையும் வண்ணம்தான், ஆனால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். சாதாரண நீர்வண்ணத்தில் வெளிர் நிறம் வேண்டுமென்றால் காகிதத்தை விட்டுவைக்க வேண்டும். குவாஷில் அடர்ந்த செம்மண் நிறத்தைப் பூசி, அது காய்ந்ததும் அதன்மேல் வெளிறிய மஞ்சளில் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைக் குத்துக் குத்தாக வைத்துக்கொண்டே போகலாம். முதலில் தரை, அப்புறம் அதன்மேல் முளைப்பது. உள்நாட்டு நிலமே அப்படித்தான் இருக்கிறது என்பதால் கைக்கும் கண்ணுக்கும் ஒரே வரிசை கிடைத்துவிடுகிறது. ஒரு சிக்கல் உண்டு. குவாஷில் வெளிர் நிறங்கள் காயும்போது கொஞ்சம் கறுக்கும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பக் கூடாது. காகித ஓரத்தில் தேய்த்துக் காயவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் அந்தக் காத்திருப்பே கிடையாது. காற்றில் ஈரம் என்பதே இல்லாததால் தூரிகையை எடுக்கும்போதே வண்ணம் காய்ந்துவிடுகிறது. வானத்தை ஒரே ஈரத்தில் மேலிருந்து கீழே இறக்குவது என்கிற நம் ஊர் வித்தை அங்கே பலிக்காது, பாதியிலேயே ஓரம் கட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். வண்ணத்தில் ஒரு சொட்டு கிளிசரின் கலந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். காகிதத்தை நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்காவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். மாவு மாதிரி நைஸான செந்தூசி எங்கேயும் நுழையும். மதியத்துக்குள் பெட்டியில் இருக்கும் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். நான் அதை இப்போது துடைப்பதில்லை. அந்த இளஞ்சிவப்புதான் தூரத்து மலையடிவாரத்துக்குச் சரியான நிறம்.

அந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு அளவு கிடைக்கும், அங்கேயும் மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் காரணம். உச்சி வெயிலில் அது வெளுத்து, செங்கல் தூள் மாதிரி உயிரில்லாமல் கிடக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும் கொஞ்ச நேரம் மட்டும் பாறை உள்ளிருந்து கனல்வதுபோல் எரியும், நிழல்கள் நீலமாகவும் ஊதாவாகவும் ஆகிவிடும். அந்த நேரத்துக்காக மற்ற நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். வேலை அதிகம் நடப்பது மே முதல் ஆகஸ்ட் வரைதான், கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும். ஜூலையில் வேறு மாதிரித் தொந்தரவு. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதால் முதல்நாள் தூரிகை கழுவிய தண்ணீர் காலையில் டப்பாவோடு உறைந்து நிற்கும்.

ஆலிஸிலிருந்து மேற்கே கிளென் ஹெலன் போகும் சாலைக்கு நமட்ஜிரா என்று பெயர். இந்தப் பகுதிக்கு வரைய வருகிறவர் யாராக இருந்தாலும் ஆல்பர்ட் நமட்ஜிராவின் படங்களுக்குள்ளேதான் காரோட்டிக்கொண்டு போகிறார். வெள்ளை அடிமரத்தோடு நிற்கும் கோஸ்ட் கம் மரங்கள், பின்னால் ஊதா மலைத்தொடர், 1,380 மீட்டர் உயரத்தில் சோண்டர் மலை. படுத்திருக்கும் பெண்ணின் வடிவம் என்று அந்த மலையைச் சொல்வார்கள். ஒவ்வொரு வளைவிலும் இதை அவர் வரைந்திருக்கிறாரே என்று மனம் சொல்லும்.

நமட்ஜிரா 1902இல் ஹெர்மன்ஸ்பர்க்கில் பிறந்தார், மேற்கு அரண்டா இனத்தவர். லூத்தரன் சபையினர் 1877இல் நிறுவிய மிஷன் அது. 1934இல் ரெக்ஸ் பேட்டர்பீ என்ற ஓவியர் அங்கே வந்து தன் நீர்வண்ணப் படங்களை மிஷன் மக்களுக்குக் காட்சிக்கு வைத்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டு ஒரு கை முடங்கியவர் இவர். 1936இல் பேட்டர்பீ மறுபடி வந்தபோது ஓர் ஒப்பந்தம். நமட்ஜிரா ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு இடங்களைக் காட்ட வேண்டும், பதிலுக்குப் பேட்டர்பீ வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாம் வேலியிலும் மக்டொனல் மலைத்தொடரிலுமாக இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் கற்றது போதுமானதாக இருந்தது. 1938இல் மெல்பர்னில் தனிக் கண்காட்சி, 41 படங்களும் விற்றுப்போயின.

நீர்வண்ணத்தில் அவர் அந்த வெள்ளை மரத்தை எப்படிச் செய்தார் என்று நேரில் பார்க்க வேண்டும். அடிமரம் பெரும்பாலும் காகிதத்தின் வெண்மைதான். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்து நீர்த்த ஒரு சாயல், கிளை முறியும் இடத்தில் ஒரு கீற்றுக் காவி, பட்டை சுருங்கும் இடத்தில் சன்னமான சுருக்கங்கள். பின்னால் மலையை முழுக்கப் பூசிக் கொண்டுவந்து, மரத்தின் ஓரத்தில் ஒரு மயிரிழையில் நிறுத்தியிருப்பார். ஈரம் நிற்காத அந்தக் காற்றில் இதைச் செய்தார் என்பது, அங்கே தூரிகை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். கையை எடுத்த இடத்தில் கோடு விழும் ஊரில் அவர் மலைச்சரிவில் கோடே இருக்காது.

அவர் புகழ் ஏற ஏற அவர்மேல் சட்டம் இறுகியது. மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட மனை வாங்க முயன்றார், பழங்குடியினர் என்பதால் அதுவும் மறுக்கப்பட்டது. ஆனால் படம் விற்ற பணத்துக்கு வருமான வரி கட்டச் சொன்னார்கள். 1957இல் அவரையும் மனைவி ரூபினாவையும் மட்டும் அரசுக் காப்பிலிருந்து விடுவித்துக் குடியுரிமை வழங்கினார்கள், பிள்ளைகளுக்கு இல்லை. அந்தக் குடியுரிமையில் மது வாங்கும் உரிமையும் சேர்த்தி. அதை உறவினரோடு பகிர்ந்துகொண்டது குற்றமாயிற்று. 1958இல் வழக்கு, தண்டனை. பபுன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் இருந்தார். 1959 ஆகஸ்டில் இறந்தார், வயது 57. கூட்டத்தில் உண்பதும் குடிப்பதும் பகிர்வதும் கடமையாக இருக்கும் ஒரு சமூகத்திடம், நீ மட்டும் குடிமகன், உன் சொந்தக்காரன் குடிமகன் இல்லை என்று சொன்ன சட்டம் அது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவர் படங்களின் பதிப்புரிமையும் பல கை மாறிக் குடும்பத்தை விட்டுப் போயிருந்தது. அவர் பேரப்பிள்ளைகளுக்கு அது திரும்பக் கிடைத்தது 2017இல்தான். அதற்காகப் போராடியவர்களுக்கு இந்த நாடே கடன்பட்டிருக்கிறது.

நீண்ட காலம் விமர்சகர்கள் அவரை ஐரோப்பியப் பாணியை நன்றாக நகலெடுத்தவர் என்று ஒதுக்கினார்கள். மரம் முன்னால், மலை பின்னால், அஞ்சலட்டை மாதிரி என்றார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இல்ச்சா ஞ்சாரா என்ற கலைக்கூடத்தில் அவருடைய வழிவந்தவர்கள் இன்றும் நீர்வண்ணத்தில் வரைகிறார்கள். அங்கே வயதான ஓவியர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து மலை ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். எதிரில் புகைப்படம் இல்லை, குறிப்புப் படமும் இல்லை. ஆற்றோரம் ஐந்தாறு மரங்களை வைத்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டார். "அங்கே ஒன்றும் வராதா ஐயா?" என்று கேட்டேன். "அங்கே மரம் கிடையாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் படம் நன்றாக வருவதற்காக மரத்தை நகர்த்தி வைக்கிறவன். அவர் நகர்த்த மாட்டார், ஏனென்றால் அது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் வில்லியம்ஸுக்கும் நமட்ஜிராவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது. மையம் இல்லாத நிலம் என்று வில்லியம்ஸ் கண்டது வருகிறவரின் கண். அது நேர்மையான கண், ஐரோப்பாவிலிருந்து இரவல் வாங்கிய பார்வையை உதறிய கண். ஆனால் அந்த நிலத்தில் பிறந்தவருக்கு ஒவ்வொரு மேடும் நீர்நிலையும் மையம்தான், பெயரோடும் கதையோடும் யார் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற பொறுப்போடும் இருக்கிறது. உலுருப் பாறையைச் சுற்றி நடந்தால் சில பக்கங்களைப் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். நான் அந்த இடங்களில் பென்சிலையும் உள்ளே வைத்துவிடுவேன். எல்லாம் எல்லோரும் பார்த்து வரைவதற்கென்று படைக்கப்பட்டவை என்கிற எண்ணம் ஓவியர்களுக்கு உண்டு, அதை அந்த ஊரில் விட்டுவிடுவது நல்லது.

சரி, கடலுக்கு வருவோம். உள்நாட்டுக்குப் போக வாய்ப்பு வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது, கடற்கரை அப்படியில்லை. மெல்பர்னிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் குவீன்ஸ்கிளிஃப், போர்ட் ஃபிலிப் விரிகுடா பாஸ் நீரிணையில் திறக்கும் வாய்க்கு அருகே இருக்கிறது. 1971இல் வில்லியம்ஸ் அங்கே குவாஷில் செய்த படங்கள், என் கணக்கில், அவருடைய எண்ணெய் ஓவியங்களுக்குச் சற்றும் குறைந்தவை இல்லை. ஒரு காகிதத்தை நீள நீளமான கிடைப் பட்டைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டையும் ஒரு கடற்கரை. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒரு பட்டையின் வெளிச்சம் இன்னொன்றில் இருக்காது. குளிக்கிறவர்கள் சின்னச் சின்ன வண்ணப் பொட்டுகள். ஒரு பொட்டு சிவப்பு, அது நீச்சலுடை. ஒரு பழுப்புக் கோடு, அது படுத்திருக்கும் ஆள்.

இதுவும் அந்த நிலத்தின் வேலைதான் என்று நினைக்கிறேன். கடற்கரைக்கும் நடு என்று ஒன்று இல்லை, அது நீளம் மட்டுமே. சட்டகத்தை உயரமாக வைத்தால் பாதி வானம் வீணாகிறது, சதுரமாக வைத்தால் ஏதோ ஒரு படகையோ பாறையையோ நடுவில் வைக்கக் கை துடிக்கிறது. பட்டையாக வைத்தால் மணல், ஈர மணல், நுரை, ஆழமில்லாத பச்சை, ஆழமான நீலம், வானம் என்று அத்தனையும் விரற்கடை உயரத்துக்குள் அடங்கிவிடும், கண் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். இன்னொன்று, கடற்கரையில் நேரம் தெரியும். உள்நாட்டில் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஒரே நிலம்தான், நிறம்தான் வேறு. கடலோரம் மூன்று மணிக்குப் போனால் காலையில் உட்கார்ந்த பாறையே தண்ணீருக்குள் இருக்கும். 1974இல் பாஸ் நீரிணையிலுள்ள எரித் தீவிலும் அவர் இப்படிப் பட்டை பட்டையாக வரைந்தார்.

நானும் இப்போது கடற்கரைக்கு மாஸ்கிங் டேப்போடுதான் போகிறேன். கிரேட் ஓஷன் ரோட்டில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை அது, ஏதாவது ஒரு வளைவில் இறங்கி, காகிதத்தில் நாலு பட்டை ஒட்டிக்கொள்வேன். முதல் பட்டை காலை அலை வெளியே போயிருக்கும்போது. கடைசிப் பட்டை வெயில் இறங்கும்போது. நடுவே சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு தண்ணீரில் ஆட்டம் எல்லாம் நடக்கும். இங்கே தொல்லை உள்நாட்டுக்கு நேர்மாறு. உப்புக்காற்றின் ஈரத்தில் குவாஷ் காய மறுக்கும். காயாததின்மேல் அடுத்த பூச்சை வைத்தால் அடிநிறம் கரைந்து மேலே வந்து சேறாகும். அதனால் பூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, முதல் வைப்பிலேயே முடித்துவிடக் கற்றுக்கொள்ள வேண்டும். நுரையை மட்டும் கடைசியில் கெட்டி வெள்ளையில், தூரிகையைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு. பறந்து வந்து ஒட்டும் மணலை எடுக்கக் கூடாது, எடுத்தால் வண்ணமும் வரும். டேப்பை உரிக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம். அழுக்கும் கைரேகையுமாக இருந்த காகிதத்தில் நாலு சுத்தமான நீளங்கள் திடீரென்று பிரிந்து நிற்கும், பாதிக் காய்ந்த ஓரம் கொஞ்சம் பிசிறடித்தபடி.

வெளியில் போய்ச் சின்னதாக, சீக்கிரமாக வரைவது இந்த ஊரில் பழைய வழக்கம். டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன் கூட்டத்தார் 1880களில் இதே விரிகுடாவின் மென்டோன், போமாரிஸ் கரைகளில் வரைந்தார்கள். 1889இல் மெல்பர்னில் அவர்கள் நடத்திய கண்காட்சியின் பெயரே படங்களின் அளவு, ஒன்பதுக்கு ஐந்து அங்குலம். பல படங்கள் சுருட்டுப் பெட்டி மூடிகளில் வரையப்பட்டவை. அவசரக் கிறுக்கல் என்று அப்போது திட்டு வாங்கியவை இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

வில்லியம்ஸின் கடைசிப் பெரும் பயணம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் பில்பரா பகுதிக்கு. 1977இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்திருந்தது, அந்த மரியாதை பெற்ற முதல் ஆஸ்திரேலியர் அவர். 1979இல் சி.ஆர்.ஏ. என்ற சுரங்க நிறுவனத்தின் தலைவர் ரோட் கார்னெகி அவரைப் பில்பராவுக்கு அழைத்தார். ஹாமர்ஸ்லி மலைத்தொடர், சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இரும்புப் பாறை. மெல்பர்ன் பக்கத்தின் சாம்பலையும் மங்கிய மஞ்சளையும் வைத்து வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் கையில், அந்தச் சிவப்பும் ஊதாவும் கட்டவிழ்ந்து வந்தன. மேலிருந்து பார்த்த பள்ளத்தாக்குகள், ஒரு செம்பரப்பில் இரண்டே மரங்கள், அடிவானம் வரை தூவிய புற்கள். குவாஷில் செய்தவற்றை வைத்து 1981இல் பெரிய எண்ணெய் ஓவியங்களை முடித்தார். 1982 ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 55 தான். பில்பரா ஓவியங்கள் 2001இல் விக்டோரியா தேசிய ஓவியக் கூடத்துக்கு நன்கொடையாக வந்தன. கொடுத்தது ரியோ டின்டோ, சி.ஆர்.ஏ. பின்னாளில் கலந்துபோன நிறுவனம்.

இந்த நிறுவனம்தான் 2020 மே மாதம், இரும்புத் தாது எடுப்பதற்காக, அதே பில்பராவில் ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன தடயம் இருந்த இடம். பூட்டு குன்டி குர்ரமா, பினிகுரா மக்களுக்குப் புனிதமானது. வெடிக்கச் சட்டப்படி அனுமதி இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் படங்களின் முன்னால் நிற்பது சுலபமாக இல்லை. ஓவியர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பதாண்டுக்குப் பின் நடந்ததை அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை, அவர் அந்த நிலத்தைக் காதலித்தார் என்பது ஒவ்வொரு தூரிகை வைப்பிலும் தெரிகிறது. ஆனால் அந்தச் சிவப்பு அழகாக இருப்பதற்கும் அதை வெட்டி எடுப்பதற்கும் ஒரே காரணம், இரும்பு. எந்த நிறத்தைத் தேடி ஓவியர் போனாரோ அதே நிறத்தைத் தேடித்தான் லாரியும் போகிறது. யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்று ஒரு நிலத்தை அழகாக வரைந்து மாட்டும்போது, அங்கே இருக்கும் மனிதர்கள் படத்திலிருந்து காணாமல்போகிறார்கள். வருகிறவரின் கண்ணுக்கு இருக்கும் ஆபத்து இது, என் கண்ணுக்கும் உண்டு. அதனால் படத்தின் பின்பக்கம் தேதியும் இடமும் எழுதும்போது, அது எந்த மக்களின் நிலம் என்பதையும் எழுதிவிடுகிறேன். யூ யாங்ஸும் குவீன்ஸ்கிளிஃபும் வாதவுரங். சோண்டர் மலை மேற்கு அரண்டா.

மெல்பர்னுக்கு உறவினரைப் பார்க்க வருகிறவர்கள் பலரும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளையும் பெங்குவின்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். ஒரு அரை நாளை யூ யாங்ஸுக்கு ஒதுக்குங்கள், நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். ஃபிளிண்டர்ஸ் சிகரத்துக்கு ஏறும் பாதை பெரியவர்களும் மெதுவாக ஏறக்கூடியதுதான். ஏறி நின்று, கடல் பக்கம் இல்லாமல், வடக்கே சமவெளியைப் பாருங்கள். முடிந்தால் அதற்கு முந்தின நாள் ஃபெடரேஷன் சதுக்கம் போய் வில்லியம்ஸ் படங்கள் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், படங்களை அவ்வப்போது மாற்றுவார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போக வாய்த்தவர்கள், பரிசுக்கடையில் அச்சடித்த படம் வாங்காமல், இல்ச்சா ஞ்சாராவுக்குப் போய் அங்கே உட்கார்ந்து வரைகிறவர்களிடமே வாங்குங்கள். சின்ன நீர்வண்ணங்களும் கிடைக்கும். வரைந்தவர் பெயரையும் அது எந்த இடம் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.